சிவப்புப் புட்டியும் வாழைப்பூவும்: கீழ்மலையில் ஐந்து நாள்

முதல் நாள்

பழனி மலையின் கீழ்ப்பகுதியான கீழ்மலையில், தாண்டிக்குடியில் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் என் சித்தி மகன் மூன்று வாரங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்து, “அக்கா, நம்ம வீட்டுக்கு ஹம்மிங் பறவை வருது. பாப்பா ரெண்டு தடவை பாத்துட்டா. நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க” என்றான். முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் விலங்கியல் நடத்திய எனக்கு, ரீங்காரச் சிட்டு என்று தமிழில் எழுதப்படும் அந்தப் பறவை அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே எங்கும் குடியிருப்பதில்லை என்பது தெரியும். வடக்கே அலாஸ்காவிலிருந்து தெற்கே தென்னமெரிக்காவின் கடைக்கோடி வரை ஏறத்தாழ 360 இனங்கள் உண்டு. அவற்றில் ஒன்றுகூட நம் பக்கத்தில் இல்லை. இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மாசி மாதத்துக் கீழ்மலையைப் பார்க்கும் சாக்கு கைநழுவியிருக்கும் என்பதால், “வர்றேன்டா” என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

மதுரை ஆரப்பாளையத்தில் விடியற்காலையில் பேருந்து ஏறி, வத்தலக்குண்டில் மாறி, பட்டிவீரன்பட்டியைக் கடந்ததும் இலவ மரங்கள் கண்ணில் படத் தொடங்கின. மலையடிவாரத்தில் ஓட்டுநர் தேநீருக்காக வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஒரு மரம் நின்றது. இலையெல்லாம் கொட்டி, வெறும் கிளைகளில் கொத்துக்கொத்தாகப் பூத்திருந்தது. கீழே உதிர்ந்து கிடந்த ஒரு பூவை எடுத்துப் பார்த்தேன். வெளிர்மஞ்சள் கலந்த வெண்மை; இதழின் வெளிப்புறத்தில் பட்டுபோன்ற மயிர்; மகரந்தக் காம்புகள் ஐந்து; முகர்ந்தால் புளித்த பாலின் வாடை. மல்லிகையை முகர்ந்து பழகிய மூக்குக்கு இதைப் பூவின் மணம் என்று ஒப்புக்கொள்ளவே மனம் வராது. இது நம் மூக்குக்காக உண்டான மணமும் அன்று, வௌவாலுக்கானது. பூ இரவில் விரிந்து, விடிந்தபின் வாடி உதிர்ந்துவிடுகிறது.

இலவு காத்த கிளியைப் பற்றிப் பழமொழி வைத்திருக்கும் நாம் இலவு காக்கும் வௌவாலைக் கவனித்ததில்லை. பஞ்சுக்காக நாம் நட்டு வளர்க்கும் இந்த மரத்தின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்காவும் மேற்கு ஆப்பிரிக்காவும் ஆகும். அமெரிக்காவில் அந்நாட்டு வௌவால்கள் செய்யும் மகரந்த வேலையை, இங்கே வந்த மரத்துக்கு நம்மூர்ப் பழந்தின்னி வௌவால்கள் செய்துகொடுக்கின்றன. நம் காடுகளுக்கே உரிய முள்ளிலவு மரமோ அகன்ற சிவப்புப் பூக்களைப் பகல் வெளிச்சத்தில் காட்டி, காக்கை, மைனா, கிளி என்று பறவைக் கூட்டத்தையே வரவழைக்கிறது. அடிவாரத்துத் தேநீர்க் கடை வாசலிலேயே என் ஐந்து நாள் விஷயம் தொடங்கிவிட்டது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. பூவைக் கைக்குட்டையில் சுற்றி வைத்தேன். தாண்டிக்குடி போய்ச் சேர்வதற்குள் கைப்பை முழுவதும் நாறியதுதான் கண்ட பலன்.

வீட்டுத் திண்ணையின் உத்தரத்தில் சிவப்பு நெகிழிப் புட்டி ஒன்று தொங்கியது. ஏழாம் வகுப்புப் படிக்கும் தம்பி மகளின் பிடிவாதத்தால் இணையத்தில் வாங்கியதாம். அடியில் நான்கு மஞ்சள் பூ வடிவத் துளைகள் இருந்தன. உள்ளே ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர் என்று உறையில் அச்சிட்டிருந்தபடியே கலந்து ஊற்றியிருந்தாள். புட்டியைத் தேடிப் பறவை எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. உத்தரத்திலிருந்து கட்டெறும்பு வரிசை மட்டும் கயிறு வழியாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. “புட்டிக்கு வரல அத்தை. வேலியோரப் பூவுக்கு வந்துச்சு. நின்ன எடத்துலயே பறந்துச்சு, சத்தியமா” என்றாள்.

இரவு உணவுக்குப் பின் அவளுக்கு அரிசோனாக் கதையைச் சொன்னேன். அமெரிக்காவின் தென்மேற்கில் உள்ள அந்த மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஊர்களில் இதே போன்ற புட்டிகளை வாசலில் தொங்கவிடுகிறார்கள். பகலெல்லாம் ரீங்காரச் சிட்டுகள் வந்து குடிக்கும். கோடையின் கடைசியில் மட்டும், மாலையில் நிரப்பி வைத்த புட்டி காலையில் ஒட்டக் காலியாக இருக்கும். விழித்திருந்து பார்த்தவர்கள் கண்டது, மெக்சிகோவிலிருந்து வலசை வந்த நீள்மூக்கு வௌவால்களை. அவையும் புட்டியின்மேல் உட்காருவதில்லை. அந்தரத்தில் ஒரு கணம் நின்று, நாக்கை நீட்டி நக்கிவிட்டுப் போகின்றன. ஒரே புட்டி, ஒரே சர்க்கரைத் தண்ணீர், ஒரே வித்தை, பகல் முறைக்கு ஒருவர், இரவு முறைக்கு ஒருவர். “அப்ப ரெண்டுல யாரு அத்தை கெட்டி?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் மீதி நான்கு நாட்களும் போயின.

இரண்டாம் நாள்

விடிந்ததும் தோட்டத்தின் மேல்வரப்பில் இருந்த கல்யாண முருங்கை மரத்தடியில் போய் அமர்ந்தேன். மிளகுக் கொடி ஏற்றுவதற்காக நட்டவை. மாசியில் இலை உதிர்த்துச் செஞ்சிவப்பாய்ப் பூத்திருந்தன. ஆறே முக்காலுக்குத் தேன்சிட்டுகள் வந்தன. ஆணின் தலையில் வெயில் பட்ட கோணத்துக்கேற்ப நிறம் பச்சையாகவும் ஊதாவாகவும் மாறிக்கொண்டிருந்தது. கைபேசியில் படம் எடுத்துச் சுற்றத்தாருக்கு அனுப்புகிறவர்கள் ‘ஹம்மிங் பறவை’ என்று தலைப்புப் போடுவது பெரும்பாலும் இதற்குத்தான்.

கால் மணி நேரம் அதன் கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பூக்கொத்தின் தடித்த காம்பைப் பற்றிக்கொள்கிறது; பிறகு உடலை வளைத்து, தலைகீழாகத் தொங்கிக்கூட, வளைந்த அலகைப் பூவுக்குள் விடுகிறது. எட்டாத பூவுக்கு மட்டும் ஓரிரு நொடி சிறகடித்து அந்தரத்தில் நின்று பார்த்துவிட்டு, உடனே அருகில் உள்ள காம்புக்குத் தாவிவிடுகிறது. அந்தரத்தில் நிற்பது அதற்கு அவசரத்துக்குக் கைமாற்று வாங்குவது போன்றது. ரீங்காரச் சிட்டுக்கோ அதுவே அன்றாடப் பிழைப்பு.

இந்த வேறுபாடு பூவிலேயே எழுதியிருக்கிறது. கல்யாண முருங்கைக்கு அமெரிக்காவிலும் உறவினங்கள் பல உண்டு. அவற்றில் ரீங்காரச் சிட்டை நம்பியிருப்பவை உட்கார இடமே தராமல், குறுகிய நீண்ட குழல்களாக வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு பூக்கின்றன. உட்காரும் பறவைகளை நம்பியிருக்கும் இனங்களில் பூ அகலத் திறந்து, காம்பு பறவையின் பிடிக்கு வாகாக அமைகிறது. நம்மூர் மரம் இரண்டாம் வகை. விருந்தாளி நின்றுகொண்டு சாப்பிடுவாரா உட்கார்ந்து சாப்பிடுவாரா என்பதை அறிந்து பந்தி போட்டதைப்போல் இருக்கிறது.

திண்ணைக்குத் திரும்பி, காப்பி ஆறும்வரை தம்பி மகளின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு உயிர்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். ஒன்று, அலாஸ்கா வரை போய்க் கூடு கட்டிவிட்டு மெக்சிகோவுக்குத் திரும்பும் செம்பழுப்பு ரீங்காரச் சிட்டு; எடை மூன்றரை கிராம் அளவு. மற்றொன்று, வெப்பமண்டல அமெரிக்காவில் வாழும் குளோசோஃபாகா சோரிசினா என்ற நீள்நாக்கு வௌவால். எடை சுமார் பத்து கிராம். 1766-ஆம் ஆண்டிலேயே பல்லாஸ் என்ற இயற்கையியலர் அதற்குப் பெயர் சூட்டிவிட்டார். அதனால் பல்லாஸ் வௌவால் என்றே அழைக்கிறார்கள். இரண்டும் ஆய்வாளர்களால் மிக நுணுக்கமாக அளக்கப்பட்டவை என்பதால்தான் இவற்றைத் தேர்ந்தேன்.

சிட்டு நொடிக்கு நாற்பது தடவைக்கு மேல் சிறகடிக்கிறது. வௌவால் பதினைந்து தடவை அளவில்தான். இதை மட்டும் கேட்டால் வௌவால் சோம்பேறி என்று தோன்றும். உண்மையில் இது உடல் அளவின் கணக்கு. ஆண்டிஸ் மலைகளில் இருபது கிராம் எடையுள்ள பெரிய ரீங்காரச் சிட்டு ஒன்று உண்டு. அதுவும் நொடிக்குப் பதினைந்து தடவைதான் அடிக்கிறது. சிறகு பெரிதானால் அடி மெதுவாகும். கைவிசிறிக்கும் முறத்துக்கும் உள்ள வேறுபாடுதான்.

சூட்சுமம் சிறகு மேலே போகும்போது நடப்பதில் இருக்கிறது. சாதாரணப் பறவைகளுக்குச் சிறகு கீழே வரும்போதுதான் உடலைத் தாங்கும் விசை கிடைக்கும். மேலே போவது வெறும் திரும்பு பயணம். ரீங்காரச் சிட்டு தோள்மூட்டிலிருந்து சிறகையே புரட்டி, மேலே போகும்போதும் காற்றை அழுத்துகிறது. 2005-இல் இந்தச் செம்பழுப்புச் சிட்டை வைத்தே அளந்தார்கள்: எடையில் முக்கால் பங்கைக் கீழ்வீச்சும் கால் பங்கை மேல்வீச்சும் தாங்குகின்றன. வௌவாலின் சிறகு வேறு ஜாதி. அது நான்கு நீண்ட விரல்களுக்கிடையே தோல் விரித்த கை. அந்தக் கையைப் புரட்டுவதில் பறவையளவு லாகவம் கிடையாது என்றாலும், தேன் குடிக்கும் வௌவால்கள் மேல்வீச்சில் கையைக் கூடுதலாகத் திருப்பிக் கொஞ்சம் தாங்குவிசையைச் சம்பாதித்துக்கொள்கின்றன. கோஸ்டா ரிகாவில் இரு தரப்பையும் ஒரே கருவிக்குள் பறக்கவிட்டு அளந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. வௌவாலுக்குச் சிறகு பெரிது என்பதால், எடைக்கு எடை பார்த்தால் அந்தரத்தில் நிற்பதற்கு இரண்டும் செலவிடும் ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றே என்பது அதன் முடிவு. லாகவத்தில் குறைந்ததைச் சிறகின் அகலத்தில் ஈடுகட்டிவிட்டது. “டிராவா அத்தை?” என்றாள் பாப்பா, ஏமாற்றத்தோடு.

மாலை ஆறு மணிக்கு வேலியோரம் உண்ணிச்செடிப் புதரருகே என்னை இழுத்துக்கொண்டு போனாள். பத்து நிமிடத்தில் அவளுடைய ‘ஹம்மிங் பறவை’ வந்தது. பழுப்பு உடல், கட்டைவிரல் நீளம், சிறகு புகையாய்த் தெரியும் வேகம். பூவுக்கு ஓர் அங்குல தூரத்தில் நின்று நீண்ட உறிஞ்சுகுழலை நுழைத்தது. அரைக் கணம் எனக்கே நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு தலையில் இரண்டு உணர்கொம்புகள் தெரிந்தன. அது பருந்து அந்துப்பூச்சி. அவள் முகம் விழுந்துவிடும் என்று பயந்துதான் சொன்னேன், அவளோ, “அப்ப இந்த மலையில அந்த வேலைக்கு ஆளு இதுதானா?” என்றாள். அவள் கேட்டது மிகச் சரி. அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் முழுநேர உத்தியோகம் பழனி மலையில் ஒரு பூச்சியின் கையில் இருக்கிறது.

மூன்றாம் நாள்

பகலெல்லாம் மூடுபனி. எழுத ஒன்றுமில்லை, மிளகு காயப்போட்ட தார்ப்பாயை நான்கு தடவை சுருட்டி நான்கு தடவை விரித்தார்கள்.

இருட்டிய பிறகுதான் நாள் தொடங்கியது. காப்பிச் செடிகளுக்கிடையே நிழலுக்கும் வருமானத்துக்குமாக நிற்பவை விருப்பாட்சி வாழைகள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் மலைவாழை இதுதான். முடிக்கொத்து நோய் இந்த வாழையை ஒரு காலத்தில் ஏறக்குறைய துடைத்தெடுத்துவிட்டது. மிச்சம் இருப்பதைத் தம்பி பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறான். தலைக்கு ஒன்றரை அடி மேலே பூத்தொங்கிய ஒரு மரத்தைத் தோட்டத்துப் பெரியவர் காட்டினார். கைவிளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டி, நானும் பாப்பாவும் சாக்கு விரித்து உட்கார்ந்தோம்.

வாழைப்பூ மடல் விரிவதை அதுவரை நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. அந்தி சாயும்போது வெளிமடல் நுனியில் ஒரு விரற்கடை தூக்கியிருந்தது. ஏழு மணிக்குள் அது பின்னோக்கிச் சுருண்டு மேலேறி, உட்புறச் சிவப்பும், அதனடியில் இரண்டு வரிசையாக அடுக்கிய ஆண்பூக்களும் தெரிந்தன. ஒரு பூவின் அடியில் கூழ்போல் கெட்டியான தெளிந்த துளி ஒன்று விளக்கொளியில் மினுங்கியது. சிறுவயதில் பூ ஆயும் அம்மாவின் மடியருகே உட்கார்ந்து ஒவ்வொன்றாக உறிஞ்சிய அதே தேன்.

ஏழே காலுக்கு ஈரத்துணியை உதறும் ஓசை கேட்டது, பூத்தண்டு ஆடியது. குட்டைமூக்குப் பழ வௌவால். பெருவிரல் நகத்தால் மடலைப் பற்றி, தலைகீழாகத் தொத்தி, முகத்தைப் பூவரிசைக்குள் புதைத்தது. காது ஓரத்து வெளிர்க்கோடும் நாய்க்குட்டி போன்ற முகமும் தெரிந்தன. இரண்டு, மூன்று நொடிதான். தண்டு மறுபடி ஆட, ஆள் இல்லை. ஒன்பது மணிக்குள் இப்படிப் பதினோரு வருகைகளைப் பாப்பா நோட்டில் கோடு போட்டு எண்ணினாள். பதினோரு வௌவாலா, ஒரே வௌவால் பதினோரு தடவையா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

தேன்சிட்டைப்போலவே இதுவும் பற்றிக்கொண்டு குடிக்கிற ஆள். ஐம்பது கிராம் அளவு எடையும் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான சிறகு விரிவும் கொண்ட உடலை அந்தரத்தில் நிறுத்திவைக்கும் செலவு கட்டுப்படியாகாது. பல்லாஸ் வௌவாலோ ஒரு பூவின் முன் ஒரு நொடிகூட முழுதாக நிற்பதில்லை. அந்தக் கண நேரத்தில் குடித்துவிட்டு அடுத்த பூவுக்குப் போகிறது. இப்படி ஓர் இரவில் நூற்றுக்கணக்கான பூக்களைத் தொட்டு, தன் எடையைப்போல் ஒன்றரை மடங்கு தேனைக் குடித்துவிடும்.

அந்தக் கண நேரத்தில் எப்படிக் குடிக்கிறது என்பது அண்மைக் காலம்வரை புதிராகவே இருந்தது. அதன் நாக்கு நுனியில் மயிர்போன்ற நீட்சிகள் உண்டு. நாக்கை நீட்டும்போது அந்த நீட்சிகளுக்குள் இரத்தம் பாய்ந்து, அவை குச்சம்போல் விரிந்து தேனைப் பிடித்துக்கொள்கின்றன. இதை 2013-இல் அதிவேகப் படப்பிடிப்பில் கண்டார்கள். ரீங்காரச் சிட்டின் நாக்கில் இரத்த வேலை எதுவும் இல்லை. நுனி இரண்டாகப் பிளந்து, ஓரம் முழுதும் சிலும்பியிருக்கும். தேனில் மூழ்கியதும் விரிந்து, வெளியே இழுக்கும்போது தானாகவே மூடிக்கொண்டு தேனைச் சிறைப்படுத்திவிடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் தேன் நாக்கில் தானே ஏறுகிறது என்று 1833 முதல் எழுதி வந்ததை 2011-இல் வெளியான ஆய்வு மறுத்தது. நானும் வகுப்பில் அந்தப் பழைய விளக்கத்தைத்தான் சொல்லிக்கொடுத்தேன். என்னிடம் படித்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

குடித்த சர்க்கரையை இருவரும் செலவிடும் விதம் இன்னும் வியப்பானது. ஓட்டப்பந்தய வீரர் ஒருவர் ஓடிக்கொண்டே சர்க்கரைநீர் குடித்தாலும் அவருடைய தசைகள் அப்போதே எரிப்பது அதிலிருந்து ஒரு சிறு பங்கைத்தான். மற்றது உடலின் சேமிப்பிலிருந்து வர வேண்டும். ரீங்காரச் சிட்டு பறப்பதற்குச் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய முழுவதும் சற்று முன் குடித்த தேனிலிருந்தே வருகிறது. பல்லாஸ் வௌவாலுக்கு ஐந்தில் நான்கு பங்கு. அன்றாடங்காய்ச்சி என்று நாம் இகழ்ச்சியாகச் சொல்வதை ஒரு கலையாகவே ஆக்கி வைத்திருக்கின்றன.

பூவைத் தேடும் வழியில்தான் இரண்டும் முற்றாகப் பிரிகின்றன. சிட்டுக்குக் கண்; நாம் காணாத புறஊதா நிறத்தையும் அது காண்கிறது. பல்லாஸ் வௌவாலுக்கும் புறஊதா ஒளி தெரியும் என்பது 2003-இல் உறுதியானது. என்றாலும் அதன் பெருமை காதில் இருக்கிறது. கியூபாக் காட்டுக் கொடி ஒன்று பூக்கொத்துக்கு மேலே கிண்ணம்போல் குழிந்த ஓர் இலையை விடுகிறது. எந்தப் பக்கத்திலிருந்து வௌவால் கத்தினாலும் அந்த இலை ஒரே மாதிரி உரக்க எதிரொலிக்கும். பழக்கிய பல்லாஸ் வௌவால்களை வைத்துச் சோதித்தபோது, இலை இருந்தால் தேடும் நேரம் பாதியாகக் குறைந்ததைக் கண்டார்கள். காதுக்கென்று பெயர்ப்பலகை மாட்டிய செடி அது. நம் வாழைத் தோட்டத்து வௌவாலுக்குத் தொண்டையால் ஒலி எழுப்பி எதிரொலியைக் கேட்டு வழியறியும் அந்த வித்தை இல்லை; பெரிய கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் வருகிறது.

பெரியவர் பீடியை அணைத்துவிட்டு, “டீச்சரம்மா, எங்க அப்பா காலத்துல இத வல போட்டுப் புடிப்பாங்க. கொய்யாவ ஒண்ணு விடாது” என்றார். சட்டமே அப்படித்தான் இருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைக் காக்கையோடும் எலியோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அந்தப் பட்டியல் போனது. இங்கிருந்து தெற்கே தெரியும் மேகமலையில் 1948-இல் பிடித்த ஒரு வௌவால், ‘இதுவும் அதே குட்டைமூக்குதான்’ என்று மும்பைச் சேகரிப்பில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் கிடந்து, 1972-இல் புதிய பேரினம் என்று தெரியவந்து, பறவையியலர் சாலிம் அலியின் பெயரைப் பெற்றது. கூட்டத்தில் ஒருவராய் எண்ணப்பட்டதால் வந்த வினை.

நான்காம் நாள்

விடியற்காலையில் முதல் வேலையாக இரவு பார்த்த வாழைப்பூவிடம் போனோம். சுருண்ட மடலின் ஊதாப் பரப்பில் நகக்கீறல்கள் கறுத்துத் தெரிந்தன. எட்டிக் குதித்து எண்ணியதில் ஏழு இணைகள். அதே பூவில் பெண் தேன்சிட்டு ஒன்று, இரவில் மிஞ்சியதை வழித்துக்கொண்டிருந்தது. அரிசோனாப் புட்டியின் இரண்டு முறை உத்தியோகம் இங்கே விருப்பாட்சி வாழையில் நடக்கிறது. சாகுபடி வாழைக்குச் சூல் கொள்ளாமலே காய் பிடிக்கும். வௌவால் வந்தாலும் வராவிட்டாலும் தார் ஒன்றுதான். இருந்தும், காட்டில் இருந்த காலத்துப் பழக்கத்தை மறக்காமல் மாலைதோறும் மடல் திறந்து தேன் சுரக்கிறது. சுமத்திராவின் காட்டு வாழைகள் இரண்டைப் பற்றி 1991-இல் வெளியான ஆய்வு நினைவுக்கு வந்தது. பூத்தண்டு கீழ்நோக்கித் தொங்கும் இனத்துக்கு வௌவாலும், நிமிர்ந்து நிற்கும் இனத்துக்குத் தேன்சிட்டும் மகரந்தம் கொண்டுசெல்கின்றன. நம் வீட்டு வாழை தொங்குவதன் வரலாறு அதில் இருக்கிறது.

பகலில் கொடைக்கானலுக்குப் போனேன். 1908-இல் அமைந்த பிரையண்ட் பூங்காவில், தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஃபியூஷியாச் செடிகள் சிமிக்கி தொங்குவதுபோல் பூத்திருந்தன. காம்பு நூலாய் மெலிந்தது, உட்கார இடம் இல்லை, குழல் நீளமானது, நிறம் சிவப்பு. ரீங்காரச் சிட்டின் வருகைக்காக ஒப்பனை செய்துகொண்டு, ஆள் இல்லாத ஊரில் காத்திருக்கிறது. வெள்ளைக்கண்ணிக் குருவிகள் இரண்டு குழலின் அடியைக் கொத்தித் துளையிட்டுத் தேனைக் குடித்துவிட்டுப் போயின. மகரந்தத்தைத் தொடாத திருட்டு; முன்வாசல் பொருந்தாதபோது கொல்லைப்புறம்.

அறையில் இரவு தாங்க முடியாத குளிர். விடுதிக்காரர் ‘ஹீட்டர் உண்டு’ என்று சொல்லிப் பணம் வாங்கியிருந்தார், உண்டுதான், எரியவில்லை. இரண்டு கம்பளிக்குள் சுருண்டபடி பெருவின் மலைகளில் வாழும் கருநிற ரீங்காரச் சிட்டு ஒன்றை நினைத்துக்கொண்டேன். இரவில் அதன் உடல்வெப்பம் 3.3 பாகை செல்சியஸ்வரை இறங்கியதை 2020-இல் பதிவு செய்திருக்கிறார்கள். செத்ததுபோல் கிடந்து, விடியும் நேரத்தில் நடுங்கி நடுங்கிச் சூடேறி, பூவுக்குப் பறந்துவிடும். பல்லாஸ் வௌவாலும் இரை போதாத நாட்களில் பகல் உறக்கத்தின்போது உடல்வெப்பத்தை இறக்கிக்கொள்கிறது. சேமிப்பில்லாதவர்கள் செலவைச் சுருக்கும் வழி இருவருக்கும் ஒன்றாகவே அமைந்திருக்கிறது.

ஐந்தாம் நாள்

காலையில் தூண் பாறையில் பனி விலகிய பத்து நிமிடத்தில் பள்ளத்தாக்கின் விளிம்பில் உழவாரன் குருவிகள் பூச்சி பிடித்தபடி பறந்தன. அரிவாள் வளைவுச் சிறகுகள், ஒரு கணமும் உட்காராத வேகம். அங்கே நின்றபோதுதான், இத்தனை நாள் தவறான ஆளைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுக்கொண்டிருந்தேனோ என்று தோன்றியது.

தேன்சிட்டு ரீங்காரச் சிட்டுக்கு உறவே இல்லை. அது மரக்கிளையில் உட்காரும் பாடும் பறவைகளின் கூட்டம், காக்கைக்கும் சிட்டுக்குருவிக்கும் பங்காளி. ரீங்காரச் சிட்டின் மிக நெருங்கிய சொந்தம் உழவாரன்தான். குட்டைக் கால்கள், மேல்கை எலும்பு சுருங்கிக் கைப்பகுதி நீண்ட சிறகு என்று உடலமைப்பில் அந்த உறவு தெரிகிறது. இரண்டையும் காலில்லாதவை என்று பொருள்படும் ஒரே வரிசையில் அறிவியலார் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். ஜெர்மனியில் கிடைத்த முப்பது மில்லியன் ஆண்டுப் பழமையான புதைபடிவம் ஒன்று அச்சாக ரீங்காரச் சிட்டின் அலகோடும் சிறகோடும் இருந்தது 2004-இல் தெரியவந்தது. ஆக, அந்தக் குலம் ஒரு காலத்தில் நம் பக்கத்துக் கண்டங்களிலும் இருந்து மறைந்திருக்கிறது. நாக்கின் கதையும் விந்தையானது. பறவைகள் இனிப்பை உணரும் மரபணுவை இழந்தவை. ரீங்காரச் சிட்டு, புரதச் சுவைக்கு இருந்த ஏற்பியைச் சர்க்கரைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டது என்று 2014-இல் கண்டறிந்தார்கள். பூச்சி பிடித்துக்கொண்டிருந்த குடும்பத்தில் ஒருவர் பலகாரக் கடை வைத்த கதை.

வௌவால் பக்கத்திலும் இதே விந்தைதான். வாழைப்பூவுக்கு வந்த பழந்தின்னியும் பல்லாஸ் வௌவாலும் பெயரளவில்தான் ஒரு வீடு. வௌவால் குலத்தின் இரண்டு பெருங்கிளைகளில் ஆளுக்கொன்றில் இருக்கிறார்கள். பல்லாஸுக்கு நெருங்கியவை, இரவில் விளக்கைச் சுற்றிப் பூச்சி பிடிக்கும் சின்னஞ்சிறு துரிஞ்சில்கள். ‘வாவல் வீட்டுக்கு வாவல் வந்தால் நீயும் தொங்கு, நானும் தொங்கு’ என்ற பழமொழியின் உபசாரம் எந்த வாவலுக்கு என்று கேட்டுத்தான் சொல்ல வேண்டும்போலிருக்கிறது.

தம்பி மகளிடம் இதை நேரில் சொல்ல முடியவில்லை; தொலைபேசியில்தான் சொன்னேன். “அப்ப அமெரிக்காவுல தேன் குடிக்கிற ரெண்டோட சொந்தக்காரங்களும் இங்க பூச்சிதான் பிடிக்கிறாங்களா?” என்று கேட்டுவிட்டு, சிவப்புப் புட்டியைக் கழற்றி அதில் மிளகு போட்டு வைத்துவிட்டதாகச் சொன்னாள்.

வத்தலக்குண்டில் மதுரை வண்டி ஒன்றரை மணி நேரம் வரவில்லை. விசாரித்தால் யாருக்கும் தெரியவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பனைகளைச் சுற்றிப் பனை உழவாரன்கள் கீச்சிட்டபடி கடைசிச் சுற்றுப் பறந்துகொண்டிருந்தன, எண்ணினேன், ஒன்பது. ஆறே முக்காலுக்கு அவை ஓலைகளுக்குள் போய் ஒட்டிக்கொண்டன. ஏழு மணிக்குக் கம்பத்து விளக்கு எரிந்தது. சில நிமிடத்தில் நான்கைந்து கிராம்கூடத் தேறாத துரிஞ்சில் ஒன்று அதன் வெளிச்சத்தில் குறுக்கே வெட்டியது, பிறகு இன்னொன்று. பூக்காரம்மா கூடையைத் தலைக்கு ஏற்றியபடி, “வண்டி வந்துருச்சும்மா, ஏறுங்க” என்றார்.